கையெழுத்துப் போட்ட பாட்டு

புரூஃப்காரர் வீட்டில் எந்தப் பாட்டையும் கேட்பதற்கு முன் எழுத வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். மகள்கள் இருவரில் யாருக்கு எந்தப் பாட்டு வேண்டுமானாலும், அதன் சொற்களை ஒரு நோட்டில் வரிக்கு வரி இடம் விட்டு எழுதி, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர் மேசைமேல் வைத்துவிட வேண்டும். அச்சகத்தில் முப்பது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிற மனிதர் அவர். சிவப்புப் பேனாவைத் திறந்து வரி வரியாகப் பார்ப்பார். கர்த்தருடைய பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, சொல்கிற விஷயத்துக்கு வசன ஆதாரம் உண்டா, 'நீ' என்று வருகிற இடத்தில் அந்த நீ ஆண்டவரா வேறு யாராவதா என்று பார்ப்பார். தேறினால் கீழே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். தேறாவிட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் யார் வந்தாலும் யார் என்று கேட்டுத்தான் கதவைத் திறக்கிறோம். காதுக்குள் வருகிறவனை மட்டும் கேள்வி கேட்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்? பிள்ளை பெற்றவன் காவல் இருக்கத்தான் வேண்டும். அவர் இருந்தார்.

ஆனால் ஒன்று. அவர் பாட்டைக் கேட்டதே இல்லை. மெட்டு மயக்கும், எழுத்து மயக்காது என்பது அவர் கொள்கை. "அப்பா பாட்டுக் கேக்க மாட்டார், பிழை பாப்பார்" என்று இளையவள் ஒருநாள் சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சபையில் பெற்றோர் கூட்டத்தில் இந்த நோட்டு முறையை அரை மணி நேரம் விளக்கினார். பன்னிரண்டு குடும்பங்கள் நோட்டு வாங்கின. ஒரு மாதத்தில் பதினொன்று கைவிட்டன. பன்னிரண்டாவது அவர் வீடு. முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ளவில்லை. கமிட்டியில் இருந்த டயர் கடைக்காரர் தன் மகள் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிக்க விட்டார் என்று எழுந்து நின்று கேட்டு, இனி சபையார் வீட்டு விசேஷங்களில் அப்படி நடக்கக் கூடாது என்று தீர்மானமே எழுத வைத்தவர் இவர். டயர் கடைக்காரர் அன்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஆனால் மனத்திலிருந்து அது போகவில்லை.

மூத்தவளுக்கு இருபத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க இயந்திரத்தின் கரகரப்பு, விரல் நுனியெல்லாம் வெள்ளைத் தூள். வாரத்தில் ஆறு நாள் அப்படிப் போனால், ஏழாம் நாள் அவள் வேறு ஆள். சபையின் சிறுவர் பாடகர் குழு அவள் கையில் இருந்தது. பதினெட்டுப் பிள்ளைகள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருகிறதுகளை வரிசையில் நிற்க வைத்து, ஒரே குரலாக்கி, ஆராதனையில் ஏற்றுவாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அவளும் வேறு எதையும் கேட்டதில்லை.

அந்த மாதம் ஞாயிறு பள்ளி ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் சொற்களும் ஒலிப்பதிவுமாக ஒரு புதுப் பாட்டு வந்தது. வழக்கம்போல் சொற்களை மட்டும் எழுதி அப்பா மேசையில் வைத்தாள். நாலு சரணம். கர்த்தர் பெயர் ஏழு இடத்தில். சங்கீத வசனம் இரண்டு. அவர் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி, வசன எண் ஒன்றை மாற்றி, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல பாட்டு என்று வாயாலும் சொன்னார். அவர் வாயில் அப்படி வருவது வருஷத்துக்கு ஒரு முறை. மூத்தவள் அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரிசையில் நின்று தொடங்கினார்கள். முதல் வரி முடிவதற்குள் பின் பெஞ்சில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் வரியில் பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் அங்கே கீபோர்டு வாசிப்பார். ஒத்திகைக்கு வராமல், காதால் கேட்டு அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிற ஆள். பல்லவி முடிந்ததும் அவர் விரல் தன் பாட்டுக்கு ஓடி, பாட்டின் நடுவில் வருகிற வாசிப்பை, அந்த வளைவு நெளிவோடு, ஒரு சுரம் பிசகாமல் வாசித்துவிட்டது. வாசித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை நெருப்பில் பட்டதுபோல் எடுத்துக்கொண்டார். அதற்குள் சபை குலுங்கிவிட்டது.

அது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு. மதுக்கடையில் ஒருத்தி ஆடுகிற பாட்டு. யாரோ அதன்மேல் பக்திச் சொற்களை ஏற்றிவைத்திருக்கிறார்கள். பாடிய பிள்ளைகளுக்கு அது தெரியாத வயசு. அந்தக் கூடத்தில் வயது வந்த அத்தனை பேரும் அதைக் கேட்டிருந்தார்கள். கேட்டிராதவர்கள் புரூஃப்காரரும் அவர் வளர்த்த பெண்ணும்தான். பிள்ளைகள் நன்றாகப் பாடுவதால் சபை சிரிக்கிறது என்று நினைத்து, மூத்தவள் கையை இன்னும் உயர்த்திப் பாட வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து பாஸ்டர் அறையில் கமிட்டி கூடியது. நாற்காலி போதாமல் மூத்தவள் அலமாரி ஓரமாக நின்றாள். விஷயத்தை அவளுக்கு எலக்ட்ரீஷியன்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லியிருந்தார். அவள் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. தெரியாமல் நடந்தது, சின்னப் பெண், இனி பார்த்துக்கொள்ளட்டும் என்று பாஸ்டர் முடித்துவைக்கப் பார்த்தார். முடிந்திருக்கும். டயர் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். உங்க வீட்டுல உங்க கையெழுத்து இல்லாம ஒரு பாட்டும் உள்ள வராதுன்னு சொன்னீங்களே. இதுல கையெழுத்து இருக்கா?"

நோட்டு அந்த நிமிஷம் மூத்தவளின் தோள்பையில் இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைத்தான் கொண்டுவந்திருந்தாள். எட்டாம் பக்கத்தின் அடியில், சிவப்பில், தேதியோடு இருந்தது.

ஆமாம், நான்தான் பார்த்தேன், சொல்லைப் பார்த்தேன், மெட்டைப் பார்க்கத் தெரியவில்லை, தப்பு என்னுடையது. இதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். சிவப்பு மையே குத்தாட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது என்று பேசியிருப்பார்கள். பிறகு அடங்கியிருக்கும். அவருக்கு அந்த ஒரு வாரம் மலையாகத் தெரிந்தது. முப்பது வருஷப் பெயர், எழுந்து நின்று கேட்ட கேள்விகள், எழுத வைத்த தீர்மானம் எல்லாம் கண்முன் வந்தன. தன் பெயரைத்தான் நினைத்தார். அதற்குக் குடும்ப மானம் என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

"இல்ல," என்றார். "எனக்குத் தெரியாம பாடிட்டா."

பாஸ்டர் அவளைப் பார்த்து, "ஏம்மா, அப்பாகிட்ட காட்டலையா?" என்றார்.

மூத்தவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை தோள்பையின் வார்மேல் இருந்தது. ஜிப்பை இழுத்தால் போதும்.

"ஆமாங்க ஐயா. காட்டல."

அதோடு நின்றிருந்தாலும் ஒரு மாதிரி போயிருக்கும். எடுத்த பொய்க்கு முட்டுக்கொடுக்க வேண்டுமே. ஆறு மாதம் இவளைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திவையுங்கள், என் பிள்ளை என்று பார்க்க வேண்டாம் என்று அவரே தண்டனையும் சொன்னார். டயர் கடைக்காரருக்கே அது அதிகமாகப் பட்டது. மூன்று மாதம் போதுமே என்றார். இவர் ஆறில் நின்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மூத்தவள் நோட்டை அலமாரியில் வைத்தாள், முகம் கழுவினாள், அடுப்படியில் அம்மாவுக்குத் துணையாக வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். இளையவள்தான் அடங்கவில்லை. பதினாலு வயசு. அக்காவிடமிருந்து எல்லாவற்றையும் கறந்துவிட்டு, கூடத்தில் நின்று கேட்டாள்.

"அது சாராயக்கடைப் பாட்டுன்னு அவங்க எல்லாருக்கும் எப்படிப்பா தெரிஞ்சுது? அவங்க கேட்டிருக்காங்க, நாம கேட்டதில்ல. அப்ப தப்பு பண்ணது யாரு?"

அவர் அதட்டினார். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. குரல் உயரவில்லை.

"எனக்கும் தெரியும்."

என்ன தெரியும் என்று கேட்டார். அந்தப் பாட்டுத் தெரியும், கல்யாணத்துக்கு முன் ரேடியோவில் நூறு முறை கேட்டிருக்கிறேன், மூத்தவள் போன வாரம் பாடிப் பழகினபோதே தெரிந்தது என்றாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவர் கத்தினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"என் பொண்ணுக்கு ஒரு சினிமாப் பாட்டும் தெரியாதுன்னு சொல்லித்தான் எங்க அப்பா உங்களுக்குக் கட்டிக்குடுத்தாரு. நீங்களும் அதையே போற இடமெல்லாம் சொன்னீங்க. இருபத்திரெண்டு வருஷமா தெரியாதவளாவே இருந்துட்டேன். எந்த வாயால சொல்வேன்?" பிறகு அவளே சொன்னாள்: "பொண்ணு மானத்த விட எனக்கும் என் பேருதான் பெருசா போச்சு. உங்கள மட்டும் சொல்லி என்ன."

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நிற்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில், தன் பிள்ளை என்றும் பாராமல் நியாயம் செய்த ஒரு தகப்பன் நம் நடுவில் இருக்கிறார் என்றார். தலைகள் திரும்பின. புரூஃப்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வேறு எப்படி உட்காருவார்? பதினெட்டுப் பிள்ளைகளை அன்று பல் டாக்டரின் மனைவி நிற்க வைத்தாள். பாதிப் பிள்ளைகள் மூத்தவள் இருந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு பாடின.

ஒரு சனிக்கிழமை அவர் மூத்தவளைக் கூப்பிட்டு, பாஸ்டரிடம் பேசி ஆறை மூன்றாக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"என்ன சொல்லிக் குறைக்கச் சொல்வீங்க?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குக் கிளம்பினாள்.

நாலாம் மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. புரூஃப்காரரின் அக்கா கொண்டுவந்த இடம். பையன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். பக்கத்துச் சபைக் குடும்பம். பெண் பார்க்க வந்தவர்கள் மூத்தவளிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். லென்ஸில் கீறல் விழாமல் தேய்ப்பது எப்படி என்று அவள் விளக்கியதைப் பையன் வாய் பார்த்துக்கொண்டு கேட்டான். அவன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க, அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடது பக்கம் அச்சு ஒரு நூல் விலகியிருக்கிறது, அதனால்தான் தலை வலிக்கும் என்றாள். அவனுக்குத் தலை வலிக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாலு மாதமாகியிருந்தது. மூத்தவளின் முகம் தெளிந்ததை அம்மா பார்த்தாள்.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். குடும்பமே கூடத்தில் இருந்தது. காது மந்தமான அக்கா எப்போதும் கத்தித்தான் பேசுவாள், அதனால் எல்லாருக்கும் கேட்டது. பையனுக்கு இஷ்டம்தானாம். பையனின் அப்பா மட்டும் விசாரிக்கப் போயிருக்கிறார். இந்தச் சபையில் நாலு பேரும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பனுக்குத் தெரியாம காரியம் பண்ற பொண்ணாம்டா. அப்பனே கமிட்டியில சொன்னாராம். தகப்பன் வாயால வந்த சொல்லு, வேற யாரு சாட்சி வேணும்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். இளையவள் புத்தகத்தை மூடினாள். மூத்தவள் அவர் முகத்தையே பார்த்தாள். பாஸ்டர் அறையில் பார்த்த அதே பார்வை.

"அக்கா, அது வந்து... அப்படி இல்ல," என்றார்.

"அப்புறம் எப்படிடா?"

இப்போது சொன்னால் முதல் பொய், அதற்குமேல் தண்டனை, அதற்குமேல் பிரசங்கத்தில் வாங்கிய புகழ் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு வாரச் சிரிப்போடு போயிருக்கும் விஷயம் இன்றைக்கு எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவங்களுக்குக் குடுத்து வைக்கல, விடு," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மூத்தவள் எழுந்தாள். அழவில்லை. சுவரோரம் சார்ஜில் இருந்த தன் போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, இனிமே நான் கேக்கறத நீங்க பாக்க வேண்டாம்."

கேட்டு வாங்குகிற குரல் இல்லை அது, அறிவிக்கிற குரல். இளையவளும் அக்கா பின்னாலேயே உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளே ஒரு பாட்டு ஆரம்பித்தது. என்ன பாட்டு, யார் பாட்டு, நல்லதா கெட்டதா என்று கதவுக்கு இந்தப் பக்கம் விளங்கவில்லை. தாளம் மட்டும் வந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் பாட்டுத் தெரிந்திருக்கலாம். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.