சூடு உறைக்காத கால்

சுந்தரம்மாளுக்கு முதலில் எட்டியது நாற்றம்தான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஏலக்காய் மணக்காமல், கோழியைத் தீயில் வாட்டுகிற வாடை அடித்தால் யாருக்குத்தான் பதறாது? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் புருஷன் உக்கிரபாண்டி, வலது காலைத் தூக்கி அடுப்புச் சூடு ஓடும் இரும்புக் குழாயின் மேல் வைத்துக்கொண்டு, பீடி பிடித்தபடி சொகுசாக உட்கார்ந்திருந்தார். குதிகால் தோல் குழாயோடு ஒட்டிப் பொசுங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ! காலு வேகுதுங்க! எடுங்க வெரசா!"

"எங்கடி வேகுது? இப்பத்தான் லேசாச் சூடே ஏறுது" என்றார் அந்த மனுஷன்.

சுந்தரம்மாளே அந்தக் காலைப் பிடித்துக் குழாயிலிருந்து இழுத்தாள். குழாயில் காலை வைக்கச் சொன்னதே அவள்தான். அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு ஒரே மூச்சில் ஏறுகிறவர், ஒரு வருஷமாகவே பாதி ஏற்றத்தில் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது என்று பாறையில் உட்கார்ந்துவிடுவார். சற்று நேரத்தில் வலி போய்விடும். நடந்தால் திரும்ப வரும். பாதம் எந்நேரமும் சில்லிட்டுக் கிடக்கும். மலைக்குளிர் எலும்பில் இறங்கிவிட்டது என்றார்கள் எல்லோரும். காய் எடுக்கிற நாளில் குளிருக்கு மலையில் எல்லோரும் செய்வதுதானே, குழாய்ப் பக்கம் காலைக் காட்டுவது? மற்றவர்கள் சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். இவருக்குச் சுடவே சுடாது என்று யார் கண்டது!

ஜீப்பில் போட்டுப் போடிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழலைத் தூக்கிக் காட்டினார். உறைந்த ரத்தத்துக்கு மேலே பால்போல வெள்ளையாக நின்றது.

"இது பூரா கொழுப்பும்மா. கால் ரத்தக்குழாயில படிஞ்சு படிஞ்சு அடைச்சிருச்சு. ரத்தமே போகலைன்னா உணர்ச்சி எப்படி இருக்கும்?"

சுந்தரம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொழுப்பா? இவருக்கா? தொட்டா எலும்புதான் தட்டுது! வேற யார் ரத்தத்தையோ மாத்திப் பார்த்துட்டீக டாக்டரய்யா."

"ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரும். ரத்தத்துல கொழுப்பு கூடக் கூட அடைப்பும் கூடும். பீடி வேற. நடந்தா வலிச்சப்பவே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். "இப்ப முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். விட்டா உசுருக்கே ஆபத்து."

அடிப் பாவி, என் வாயால சொல்லித்தானே அங்க வச்சாரு என்று சுந்தரம்மாள் உள்ளுக்குள் மாய்ந்தாள்.

உக்கிரபாண்டிதான் முதலில் வாயைத் திறந்தார். "போனாப் போகுது, விடுடி. இன்னொரு காலு இருக்குல்ல. கட்டையை ஊனிக்கிட்டாவது மலையேறிருவேன். தோட்டத்தை எவன் கையிலயும் விட மாட்டேன்." சொல்லிவிட்டு மீசையையும் நீவிக்கொண்டார். சுந்தரம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆமாங்க, நான் தாங்கிப் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.

டாக்டர் போர்வையை விலக்கி, இடது பாதத்தின் மேல் விரல்களை வைத்து நாடி பார்த்தார். பிறகு கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். முழங்கால் மடிப்பில் வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

"அது நல்ல காலுய்யா" என்றாள் சுந்தரம்மாள்.

டாக்டர் கையை எடுக்கவில்லை. "இதுலயும் துடிப்பு இல்லம்மா" என்றார்.