தப்புப் பெட்டி

மழை பெய்தால் ஹோக்-லாய்க்கு என் மேல் கோபம் வரும். தைவானில், தைபே நகரத்துப் பாலத்துக்கு அடியில் கூடும் ஞாயிற்றுச் சந்தையில் என் மீன் உருண்டை சூப் கடையும் அவனுடைய பட அட்டைக் கடையும் ஒட்டினாற்போல் இருந்தன. மழை நாளில் என் அண்டாவின் ஆவி மேலே போகாமல் அவன் பக்கம் சாயும். அவனுடைய பழைய அஞ்சலட்டைகள் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

"சூப்பக்கா, நீ உருண்டை வேகவைக்கிறியா, என் பொழைப்ப வேகவைக்கிறியா?" என்பான்.

"உன் பொழைப்பு எப்பவோ வெந்து போச்சுடா. எடுத்துப் பரிமாற வேண்டியதுதான் பாக்கி," என்பேன்.

சிரிப்பான். அப்போது அவனுக்கு ஐம்பது வயது இருக்கும். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சூப்புக்குக் காசு தராமல் போனது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளே, ஏனென்றால் இந்தக் கதையில் நீங்கள் யாரையாவது திட்ட ஆசைப்படுவீர்கள். திட்டுங்கள். ஆனால் அவனை மட்டும் திட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அந்த வருஷங்களில் ஊருக்கே பழசின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அச்சடித்த பட அட்டைகளை பின்னால் வந்த சீன அரசாங்கத்துக்குப் பயந்து ஒரு காலத்தில் வீட்டிலேயே வைக்காதவர்கள், இப்போது பூதக்கண்ணாடியும் கையுமாகத் தேடி வந்தார்கள். துறைமுகம், சர்க்கரை ஆலை, கோயில் திருவிழா, எல்லாம் விலை போகும். எல்லாவற்றையும்விட விலை போவது மலைக்காரர்களின் படம். அதுவும் முகத்தில் பச்சை குத்திய பெண்ணின் படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹோக்-லாய் கடையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று, மரப்பெட்டிகள் ஏழெட்டு, கடைசியாகத் தரையில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குத் தப்புப் பெட்டி என்று பெயர். ஊர் பெயர் தப்பாக அச்சான அட்டை, சாயம் இடம் மாறிப் பூசின அட்டை, என் ஆவி பட்டுச் சுருண்ட அட்டை எல்லாம் அதில் கிடக்கும். எதை எடுத்தாலும் முந்நூறு தைவான் டாலர்.

அந்தப் பெட்டியில் ஒரு பெண் இரண்டு வருஷமாகக் கிடந்தாள். கிடந்தாள் என்று எனக்கு இப்போதுதான் சொல்லத் தெரிகிறது; அப்போது நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. பல் டாக்டர் தியோ மட்டும் மாதம் ஒருமுறை அவளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுவார். ஊரிலேயே பெரிய சேகரிப்பு அவருடையதுதான். பழம்பொருள் பத்திரிகையில் கட்டுரை எழுதுவார்.

"மூஞ்சியில இருக்கிற பச்சை வடக்கு மலை. தலையில இருக்கிற பன்னிப்பல் கிரீடமோ தெற்கு மலை. ரெண்டு சாதிக்கும் நடுவுல அஞ்சு நாள் நடை. ஒட்டுப்போட்ட படம்யா இது," என்பார்.

"ஒட்டும் இல்ல, கிட்டும் இல்ல டாக்டரய்யா, அசல் கார்டு. வெலையக் கொறைக்கணும்னா வேற எதாவது சொல்லுங்க," என்பான் ஹோக்-லாய்.

இனி யுங்காய் வருகிறாள். மலைக்காரி, அதாயல் சாதி. அறுபது தாண்டியவள். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு பஸ் மாறி எனக்கு மலை மிளகு கொண்டுவருவாள். இஞ்சி வாசமும் எலுமிச்சை வாசமும் சேர்ந்த கறுப்பு மணிகள் அவை. என் சூப்புக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த மிளகுதான். மிளகைக் கொடுத்துவிட்டு, ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நம்மைச் சிரிக்கவைக்காமல் விடமாட்டாள்.

அன்று நான் உருண்டையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். யுங்காய் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் தகரத்துக்கு நேராக இருந்திருக்கிறது. கிண்ணத்தை நீட்டினால் வாங்கவில்லை. அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"என்ன யுங்காய், தெரிஞ்ச ஆளா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"கட்டைவிரல்," என்றாள்.

குனிந்து பார்த்தேன். அந்தப் பெண் வெறுங்காலோடு நின்றாள். வலது கால் கட்டைவிரல் மட்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது.

"எறும்பு கடிச்சுதாம். அசைஞ்சா அடிப்பேன்னு படக்காரன் சொல்லிட்டானாம். அதனால வெரலை மட்டும் தூக்கி வெச்சுக்கிட்டாளாம். எங்கம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, அக்கா. யாரோ ஒருத்தியோட கிரீடத்தைத் தலையில கவுத்தாங்களாம். எண்ணெய்ச் சிக்கு நாத்தம் மூணு நாள் போகலையாம். கூலியா ஒரு வெல்லக் கட்டி குடுத்தாங்களாம்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, படத்தின் கன்னத்தைத் தொடாமல், விரலை அதற்கு மேலே காற்றில் ஓட்டினாள். காதிலிருந்து வாய்க்கு இறங்கும் கோடுகள்.

"இதை நான் பார்த்ததே இல்லக்கா."

அவள் பிறப்பதற்கு முன்பே, பச்சை குத்துவது காட்டுமிராண்டித்தனம் என்று ஜப்பான் போலீஸ் அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்க் கன்னத்துத் தோலை அறுத்து எடுக்கவைத்திருக்கிறது. நெய்யத் தெரிந்த பெண்ணுக்குத்தான் அவர்களிடத்தில் அந்தக் கோடு. அது இருந்தால்தான் செத்த பிறகு வானவில் பாலத்தைத் தாண்ட முடியும் என்பார்கள். யுங்காய்க்குத் தெரிந்த அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் இழுத்துத் தைத்த தழும்பு. சாகும்வரை துணியால் மூடியே இருந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படத்தையும் தன்னோடு புதைக்கச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, இது எவ்வளவு?" என்றாள் யுங்காய்.

"தப்புப் பெட்டியா? முந்நூறும்மா."

பஸ்ஸுக்குப் போக அவளிடம் அவ்வளவு இல்லை. நான் தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டாள்.

"என் அம்மாவை நான் வாங்கிக்கிறேன் அக்கா. அடுத்த வாரம் வரேன். தம்பி, எடுத்து வெப்பியா?"

"வெக்கிறேன். ரெண்டு வருசமா யாரும் சீண்டல, ஒரு வாரத்துல ஓடியா போயிடும்?" என்றான் ஹோக்-லாய். பிறகு, "நெசமாவே உங்கம்மாவா? பேரு என்ன?" என்று கேட்டான்.

சந்தோஷத்தில் இருந்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் பிசுய் தெமு. தெமு என்பது அவள் அப்பாவின் பெயர். போலீஸ்காரன் வைத்த ஜப்பான் பெயர், பிற்பாடு ஆபீஸில் எழுதின சீனப் பெயர், இரண்டையும் சொல்லிவிட்டு, "அதெல்லாம் வேணாம், பிசுய் தெமுதான்," என்றாள். ஊர், எறும்பு, கிரீடம், வெல்லக் கட்டி எல்லாம் சொன்னாள். ஹோக்-லாய் வாயைத் திறந்தபடி கேட்டான். கண் கலங்கினான்கூட. நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் மழை. யுங்காய் தேவாலயத்துக்குப் போகும் சட்டையில் வந்தாள். கையில் அட்டையைச் சுற்றிக்கொண்டு போக அவளே நெய்த ஒரு துண்டுத் துணி. ஹோக்-லாய்க்கு வாழையிலையில் கட்டின தினை உருண்டைகூடக் கொண்டுவந்திருந்தாள்.

அட்டை தகரத்தில் இல்லை. கண்ணாடிப் பெட்டியில், புது உறையில் இருந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள்: பிசுய் தெமு, ஊர், எறும்பு, வெல்லக் கட்டி. பெட்டிக்கு முன்னால் பல் டாக்டர் தியோ பூதக்கண்ணாடியோடு நின்றிருந்தார்.

"எட்டாயிரம்," என்று ஹோக்-லாய் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பேரு தெரிஞ்ச மலைக்காரி, இந்தத் தீவுலயே எத்தனை கார்டு இருக்கு சொல்லுங்க? ரெண்டு வருசமா ஒட்டுன்னீங்களே, கிரீடம் எப்படி வந்துச்சுன்னும் இப்பத் தெரிஞ்சு போச்சு."

யுங்காய் தினை உருண்டையை மேசை மேல் வைத்தாள். "தம்பி, முந்நூறுன்னு சொன்னியே."

அவன் முகம் சுருங்கியது. "அன்னிக்கு இது யாருன்னு தெரியலையேம்மா."

"நான் சொல்லித்தானே தெரிஞ்சுது?"

"ஆமாம்மா. அதுக்குத்தான் வெலை. கார்டுக்கு இப்பவும் முந்நூறுதான்."

"அப்போ பேரை எடுத்துட்டு கார்டை மட்டும் குடு."

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஹோக்-லாயும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சொன்ன பேரை எப்படிம்மா திருப்பி எடுக்கறது? உங்களுக்காக ஆறாயிரம். எனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்கு."

யுங்காய் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். சூப் கொடுத்தேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரையே பார்த்திருந்தாள். அவர் பையிலிருந்து பணத்தை எடுக்கும் நேரத்தில் எழுந்தாள்.

"அது எங்கம்மா இல்ல," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஹோக்-லாய் திரும்பினான். "என்ன?"

"சும்மா சொன்னேன். மழை, பஸ்ஸுக்கு நேரம் கெடந்துது. மலைக்காரி கதை சொன்னா நீங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கறீங்களே, சொன்னேன்."

"கட்டைவிரல்?"

"எல்லாருக்கும்தான் கட்டைவிரல் இருக்கு. ஒனக்கு இல்லையா?"

"பிசுய் தெமு?"

"அப்படி யாரும் எனக்குத் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவள் உதடு வெளுத்துவிட்டது. அவர்கள் மனிதர் காதுக்கு மட்டும் பேசுகிறவர்கள் இல்லை. செத்தவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள். அந்த வாக்கியம் அவளுக்கு என்ன விலை என்று அந்தச் சந்தையில் எனக்கு மட்டும் கொஞ்சம் தெரியும்.

டாக்டர் பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். ஹோக்-லாய்க்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. "காட்டுச் சனத்தை நம்பினேன் பாரு!" என்று துண்டுத்தாளை உருவிக் கீழே எறிந்து மிதித்தான். அட்டையை உறையிலிருந்து எடுத்துத் தகரத்தில் அறைந்தான்.

யுங்காய் உட்கார்ந்தாள். சூப்பைக் குடிக்க ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்தது. உடனே எழுந்து போய் முந்நூறை நீட்டினால் குட்டு உடைந்துவிடும். கூட்டம் கலையட்டும், டாக்டர் போகட்டும், போகிற போக்கில் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். ஒவ்வொரு உருண்டையாகக் கடித்து, மென்று, விழுங்கினாள். துணிக்குக் கீழே அவள் கை பணத்தைப் பிடித்திருந்தது.

டாக்டர் போனார். எதிர்க்கடையில் தபால்தலை பார்த்தார். குடையை உதறினார். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து தகரத்துக்கு முன்னால் குனிந்தார்.

"ஹோக்-லாய், இது முந்நூறுதானே?"

"போலின்னீங்க?"

"போலிக்கும் ஒரு ஆல்பம் வெச்சிருக்கேன்யா."

யுங்காய் எழுந்தாள். "அது..." என்றாள்.

டாக்டர் மிக மரியாதையாகத் திரும்பினார். "சொல்லுங்கம்மா. உங்களுக்கு வேணுமா? உங்களுக்குச் சம்பந்தம் இல்லாத படம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"டாக்டரய்யா, நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன், அதை எனக்குக் குடுங்க."

"சூப்பக்கா, உங்களுக்கு எதுக்கு? உங்கம்மாவா?"

மூன்று நூறு டாலர் தாள்களை மேசையில் வைத்தார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அவர் செய்ததை ஹோக்-லாயும் பார்த்தான்: காலடியில் கிடந்த துண்டுத்தாளை எடுத்து, சேற்றைத் துடைத்து, நான்காக மடித்து, அதே பையில் வைத்தார்.

ஹோக்-லாய்க்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கின பணத்தை எறியவும் முடியவில்லை, இத்தனை பேர் முன்னால் இன்னும் கேட்கவும் முடியவில்லை. டாக்டர் குடைக்குள் மறைந்த பிறகு யுங்காய் மேல் பாய்ந்தான். "வாயைத் தெறக்காம இருந்திருந்தா ஒனக்கும் கெடைச்சிருக்கும், எனக்கும் கெடைச்சிருக்கும்!"

"ஆமா தம்பி," என்றாள் யுங்காய். "மொத வாரமே தெறக்காம இருந்திருக்கணும்."

தினை உருண்டையை எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் தொடவில்லை. என்னிடம் வந்து கிண்ணத்தைக் கொடுத்தாள்.

"எங்கம்மாவுக்காவது ஒரு வெல்லக் கட்டி கெடைச்சுது," என்றாள். பிறகு, "அக்கா, நீ கிட்டத்துல பார்த்தியே. அந்தக் கோடு காதைத் தொட்டுதா, முன்னாடியே நின்னுடுச்சா? எனக்கு இப்பவே மறக்குது."

நான் கட்டைவிரலைத்தான் பார்த்திருந்தேன். தெரியலையே யுங்காய் என்றேன். தலையாட்டிவிட்டு, நெய்த துணியை மடித்து மிளகுப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அதற்கப்புறம் மிளகு பஸ் டிரைவர் கையில்தான் வந்தது. அவள் வரவில்லை.

குளிர்காலத்தில் டாக்டரின் கட்டுரை வந்தது. ஹோக்-லாய்தான் பத்திரிகையைக் கொண்டுவந்து என் பலகையில் போட்டான். அரைப் பக்கத்துக்குப் படம். கீழே அவள் முழுப் பெயர், ஊர், எறும்பு. கடைசியில் ஒரு வரி: பச்சை குத்திய தாயை எண்ணி வெட்கப்பட்டு, மகளே பலர் முன்னிலையில் அவளை மறுத்துவிட்டாள்.

ஹோக்-லாய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

நான் வெங்காயத்தாள் நறுக்கும் கத்தரிக்கோலால் எழுத்தையெல்லாம் வெட்டித் தள்ளினேன். படத்தை மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மட்டமான தாள், மை ஊறியிருந்தது. கட்டைவிரல் தெளிவாக இருந்தது. ஆனால் முகத்தில் கோடுகளே இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று கசிந்து, இரண்டு கன்னத்திலும் கறுப்பாக ஒரு திட்டு. இழுத்துத் தைத்த மாதிரி.

அந்த முகத்தைத்தான் யுங்காய்க்கு முன்பே தெரியுமே. நான் அனுப்பவில்லை.