ஹோபர்ட் ஸ்டேமி ஜெயிக்காத பந்தயம்

1

இந்தக் கதை பிரஸ்டன் லாஃப்டிஸ் செய்த ஒரு போன் அழைப்பில் பிறந்தது. கதைகள் பிறப்பதற்கு இதைவிடக் கௌரவமான இடங்கள் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது இதுதான்.

பிரஸ்டன் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், காப்பீடு விற்பவர். பந்தய வீரர்கள் கௌரவ மண்டபத்தின் தலைவரும் அவரே. மண்டபம் என்பது பழைய கம்பளக் கடை. உள்ளே இன்னும் கம்பளப் பசை வாசம் அடிக்கும். காட்சிக்கு நிற்கும் பந்தயக் காரைவிடப் பிரஸ்டனின் புகைப்படம் பெரியது. (மிகைப்படுத்திவிட்டேன். கார் கொஞ்சம் பெரியது.)

வரும் சனிக்கிழமை விருந்தில் பழைய பந்தய வீரர் கார்லண்ட் ப்ரூயிட்டை மண்டபத்தில் சேர்க்கிறார்களாம். வாசிக்கப் பாராட்டுரை வேண்டுமாம். உள்ளூர் வாரப் பத்திரிகையில் கிண்டல் பத்தி எழுதுகிறவனிடம் கேட்கக் காரணம், எனக்கு வேறு வேலை இல்லை என்று ஊருக்கே தெரியும் என்பது.

"எங்கயாவது 'சகாப்தம்'னு ஒரு வார்த்தை வந்துடணும், பாத்துக்கங்க" என்றார்.

உட்கார்ந்தேன். கார்லண்டைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் அவருடைய நண்பர் ஹோபர்ட் ஸ்டேமி வந்து நின்றுகொண்டார். ஆகவே இது பாராட்டுரை ஆகவில்லை. கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "வட கரோலினாவின் செம்மண் மலையடிவாரத்தில், எஞ்சின்களின் கர்ஜனையையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த அந்த மாவீரன்—"

வேண்டாம். ஹோபர்ட் கேட்டு வளர்ந்தது அவருடைய அப்பாவின் கோழிகளை.

இரண்டாம் தொடக்கம்: "வார நாட்களில் ஹோபர்ட் ஸ்டேமி செப்டிக் டேங்க் சுத்தம் செய்வார்." இது உண்மை. இருக்கட்டும்.

கடையில் விற்கும் கார் போலவே வெளியே தெரியும், உள்ளே எல்லாம் மாற்றியிருக்கும் கார்களின் பந்தயம் அது. பெரிய அணிகள் ஒவ்வொரு வாரமும் ஓடின. ஹோபர்ட் கழிவுத் தொட்டிகள் அனுமதித்த வாரங்களில் மட்டும் ஓடினார். முதலாளி அவர், ஓட்டுநர் அவர், பழுது பார்ப்பவரும் அவர். தோற்றால் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாத அமைப்பு. கழிவு லாரியின் பின்னால் கட்டியே காரைத் திடலுக்கு இழுத்து வருவார். கதவில் விளம்பரம்: "ஸ்டேமி செப்டிக் டேங்க் சேவை". பெரிய கம்பெனிப் பெயர்கள் மின்னும் கார்களின் நடுவே அது போகும்போது பார்வையாளர் மேடையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அந்தத் திடலில் அதைவிட அன்பான வரவேற்பு யாருக்கும் கிடைத்ததில்லை.*

பத்தாவது இடம், பதினான்காவது இடம், எஞ்சின் போனது, அச்சு முறிந்தது. அவருடைய பந்தய வாழ்க்கை இவ்வளவுதான். பதிவேடுகளின்படி ஒரு வெற்றிகூட இல்லை.

* இப்போது அங்கே சேமிப்புக் கிடங்குகள். தகரக் கதவுகள் வரிசையாக. இரண்டாவது வளைவு இருந்த இடத்தில் நின்றால் இன்னும் எனக்கு எரிந்த ரப்பரும் வெங்காயம் வதக்கிய வாசமும் வரும். நான் கிண்டல் எழுதுகிறவன். இதை எழுதியதற்கு மன்னியுங்கள்.

3

ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். பச்சைக் கொடி விழும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யாரோ, முடிவு அவர் பெயரில்தான். நடுவில் வேறொருவர் ஏறி ஓட்டலாம், பெயர் தொடங்கியவருக்கே. யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை. ஒருவர் சூட்டில் வதங்கி இறங்குவார், கார் உடைந்து சும்மா நிற்கும் இன்னொருவர் ஏறிக்கொள்வார்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு ஆகஸ்டில் ஹோபர்ட்டின் எஞ்சின் வழக்கம்போல் சீக்கிரமே போய்விட்டது. சுவரில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி கோலா பாட்டிலுக்குள் வறுத்த கடலையைக் கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தார். பாதிப் பந்தயத்தில் கார்லண்ட் ப்ரூயிட்டின் கார் ஓடுதடத்தை விட்டு உள்ளே வந்து நின்றது. புகையும் வெயிலும் ஏறி, கார்லண்டை ஜன்னல் வழியாக மூட்டையைப் போல இழுத்து எடுத்தார்கள். ஹோபர்ட் பாட்டிலை யாரிடமோ கொடுத்துவிட்டு அந்தக் காரில் ஏறினார்.

கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவில், வெளிப்பக்கமாக, சுவரை உரசாத குறையாக ஏறி, முன்னால் போனவரை முந்தினார். பார்வையாளர் மேடையில் இருந்த அவர் மனைவி வெர்லீனுக்கு அது யார் என்று தெரியும். வளைவில் தலையை அப்படிச் சாய்க்கிற மனிதர் அந்த மாநிலத்திலேயே ஒருவர்தான்.

வெற்றிப் புகைப்படத்தில் கார்லண்ட் இருக்கிறார். இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருக்கிறார்கள். முகம் சுண்ணாம்பு. ஹோபர்ட் படத்தில் இல்லை. தன் காரை லாரியில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து, லாரி நிழலில் கார்லண்டைப் படுக்கவைத்து, அட்டையால் விசிறியபடி நடந்ததையெல்லாம் சொன்னார். தன் வெற்றி எப்படி இருந்தது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டல்லவா?

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஹோபர்ட் இவ்வளவு நல்லவராக இருப்பது கதைக்கு நல்லதில்லை. ஒரு பொறாமை, ஒரு பெருமூச்சாவது வேண்டும். தேடினேன். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். அவ்வளவுதான் கிடைத்தது.

ஆனால் வெர்லீனுக்குப் பெருமூச்சு உண்டு. பாராட்டுரை என் கையில் இருப்பது தெரிந்ததும் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"கண்ணு, சனிக்கிழம நீ எழுதுறத ஊரே கேக்கப்போகுது. ஒரு வரி போதும். இவரு ஒரு தடவ ஜெயிச்சாருன்னு."

"அவருக்கே அது வேண்டாமே, வெர்லீன் அம்மா."

"அந்த மனுஷனுக்கு என்ன வேணும்னு அவரையா கேப்பாங்க?"

(ஹோபர்ட்டின் இதயத்தைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. அடுத்த வருஷ விருந்துக்குத் தள்ளிவைக்கிற விஷயம் இல்லை இது என்பது மட்டும் போதும்.)

5

சிக்கல் என்னவென்றால், கார்லண்டுக்கு இப்போது நினைவு தப்புகிறது. மகள் பெயர் வருவதில்லை. தப்பாமல் நிற்பது அந்தப் பந்தயம் ஒன்றுதான். அதை முழுவதும் தானே ஓட்டியதாகத்தான் நிற்கிறது. பொய் இல்லை. லாரி நிழலில் காதில் விழுந்தது கண்ணால் பார்த்ததாகிவிட்டது.

ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்து ஹோபர்ட் வீட்டு கார் கொட்டகையில் வேகவைத்த அவரைக் கொட்டையும் சோள ரொட்டியும். கார்லண்ட் அந்தக் கதையைச் சொல்வார். நாலாவது வளைவில் முந்தினேன் என்பார். ஹோபர்ட் திருத்துவார்:

"மூணாவது."

"கார ஓட்டினது யாருடா, நீயா?"

"நீதான். வளைவு மூணாவது."

போன ஞாயிறும் கார்லண்ட் தொடங்கினார். வெயில், புகை, எல்லாம் வந்தது. கடைசிச் சுற்று வந்தது. அங்கே நின்றுவிட்டார். கையில் ரொட்டி, கண் எங்கேயோ. அந்தப் பந்தயமும் போய்விட்டது. நான் தட்டைப் பார்த்தேன். வெர்லீன் தன் புருஷனைப் பார்த்தார். பேச வேண்டியவர் இப்போது உண்மையைப் பேசலாம், தடுக்க ஆள் இல்லை.

"அப்புறம் நீ மேல ஏத்தின" என்றார் ஹோபர்ட். "எல்லாரும் உள்பக்கமா போவேன்னு நெனச்சாங்க. நீ வெளிய போன. செவுத்துக்கும் உனக்கும் நடுவுல ஒரு பேப்பர்தான் போகும். பைத்தியக்காரன்."

கார்லண்டின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆமா" என்றார். "நான் வெளிய போனேன்."

வெர்லீன் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். ஹோபர்ட்டின் கோப்பை வழிந்தது. வெர்லீன் கவனிக்கவில்லையா, வேண்டுமென்றே ஊற்றினாரா, தெரியாது.

6

முடிவு ஒன்று: அந்த வரியை வாசிக்கிறேன். கைதட்டல். கார்லண்ட் பக்கத்தில் இருப்பவரிடம் "அப்போ நான் எங்க இருந்தேன்?" என்று—

முடிவு இரண்டு: வாசிக்கவில்லை. வெர்லீன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முன்வரிசையில், கடைசிவரை காத்திருந்து—

முடிவு மூன்று: "சகாப்தம்" மட்டும் வருகிறது. பிரஸ்டனுக்குத் திருப்தி. இதைவிடக் கேவலமான முடிவு எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நான் இறங்கிக்கொள்கிறேன். எனக்கும் புகை ஏறிவிட்டது. கதையைத் தொடங்கியது நான், விதிப்படி பெயர் எனக்கு. மீதியை நீங்கள் ஓட்டுங்கள். பாராட்டுரையின் கடைசி வரியில் இடம் விட்டுவைத்திருக்கிறேன்:

"கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவில், வெளிப்பக்கமாக ஏறி முந்தியவர் ................"

பெயரை நீங்கள் எழுதுங்கள். எழுதுகிறவரே நின்று வாசிக்கவும் வேண்டும். முன்வரிசையில் வெர்லீன். அவருக்கு அடுத்து ஹோபர்ட், கார்லண்டின் டையைச் சரிசெய்துகொண்டு.

யார் பெயரை வேண்டுமானாலும் போடுங்கள். வளைவை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஹோபர்ட் எழுந்து திருத்துவார்.