கையசைக்காத மூட்டை

சைக்கிள் கடைக்காரர் வில்பெர்ட் இரண்டு ஃபிரேம்களுக்குச் சக்கரம் மாட்டி ஜன்னலோரம் நிறுத்தியிருந்தார். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. இரண்டும் எஃகுதான். பச்சையின் குழாய்கள் மெலிந்தவை. மேல் குழாய் இருக்கையிலிருந்து ஹேண்டில்பார் வரை நேராக ஓடியது. கறுப்பு, பாவாடை கட்டியவர்களும் ஏறக்கூடிய தாழ்வான லேடீஸ் சைக்கிள் வகை. அதில் தடித்த குழாய்கள் இரண்டிரண்டாக, பாலத்துக்கு முட்டுக் கொடுத்ததுபோல் கிடந்தன.

ருட்கருக்கு எல்லா வேலைக்கும் ஒரே சைக்கிள் வேண்டும். வாரநாளில் கீழே டவுனில் இருக்கும் அலுவலகத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை மனைவி லிட்வினுடன் ஆற்றங்கரைக்கு. திங்கட்கிழமையிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. மகள் ப்ளூனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. பள்ளி, அப்பாவின் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

"இங்க பாரு லிட்வின், ஒரு விரல்ல தூக்கிட்டேன்," என்றான் ருட்கர், பச்சையைத் தூக்கிப் பிடித்தபடி. இருபதுகளில் பந்தயங்களில் ஓட்டியவன். கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவன் கண் வேறெங்கும் போகவில்லை.

"பொண்ண ஒரு விரல்ல தூக்குவியா? பின்னாடி உக்காரப் போறவ அவதான்."

வில்பெர்ட் சிரித்தார். "ரெண்டும் நல்ல ஸ்டீல்தாங்க. பச்சையில கேரியர் மாட்டலாம், மட்கார்டு போடலாம், தடிச்ச டயர் வேணும்னாலும் போகும். ஆபீசுக்கும் ஆகும், லீவுல கூடாரத்தக் கட்டிக்கிட்டு பெல்ஜியம் வரைக்கும் போறதுக்கும் ஆகும். கறுப்பு இருக்கே, அது மாடு. எதை ஏத்தினாலும் அசையாது. மேட்டுல மட்டும் நீங்கதான் அதை இழுக்கணும்."

"எங்க வீடே மேட்டுலதான். வேலை முடிஞ்சு தினமும் மாட்ட ஓட்டிக்கிட்டு ஏறச் சொல்றீங்களா?"

"மாடு பால் குடுக்கும்," என்றாள் லிட்வின்.

"எங்கம்மா வெச்சிருந்த சைக்கிள் மாதிரியே இருக்கு. அவங்க அதுல ஏறினா தெருவே ஒதுங்கும்."

வில்பெர்ட் இரண்டையும் வீட்டுக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். குழந்தை இருக்கையை முதலில் பச்சையில் பொருத்தினார். மகளை உட்கார வைத்துச் சோதிக்க வேண்டாம் என்று ஒரு மூட்டை உருளைக்கிழங்கை அதில் வைத்து வாரால் கட்டினார். குழந்தை இருக்கை வாங்க வரும் பெற்றோர் எல்லோருக்கும் அவர் கொடுப்பது அதுதான். ஏறக்குறைய ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் எடை. சோதனை முடிந்ததும் சமைத்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் ஏது மலை என்று மற்ற ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். இங்கே ஓட்டிப் பார்த்தவர்கள் செய்ய மாட்டார்கள். லிட்வின் வீட்டு வாசலிலிருந்து சாலை நேராகக் கீழே இறங்குகிறது. பெடலை மிதிக்கத் தேவையில்லை, அதுவே இழுத்துக்கொண்டு போகும். கீழே ஒரு ஓக் மரம். அதையொட்டிச் சாலை இடப்பக்கம் திரும்பி மறைந்துவிடும். டவுனிலிருந்து ஏறிவரும் பேருந்து அந்தத் திருப்பத்தில்தான் திடீரென்று முகத்தைக் காட்டும்.

சனிக்கிழமை மதியம் முதலில் லிட்வின் பச்சையில் ஏறினாள். பாதிச் சரிவில் முடி கண்ணில் விழுந்தது. ஒதுக்குவதற்காக ஒரு கையை எடுத்தாள். ஹேண்டில்பார் லேசாக நடுங்கியது. அடுத்த நொடி, நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல் வண்டி முழுவதும் உதறியது. இரண்டு கையாலும் பிடித்து, பிரேக்கை அழுத்தி, புல்லில் காலை ஊன்றி நிறுத்தினாள். மூட்டை அப்படியே இருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே வந்தாள்.

"ஆடுது ருட்கர். கைய எடுத்தா ஆடுது."

"நீ பயந்து இறுக்கிப் புடிச்சிருப்ப. குடு."

அவன் கிளம்புமுன் ப்ளூன் ஓடிவந்து தன் சிவப்புக் கம்பளித் தொப்பியை மூட்டைக்குப் போட்டுவிட்டாள். "பாப்பாவுக்குக் குளுரும்ல."

ருட்கர் குனிந்து, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி இறங்கினான். வண்டி நூல் பிடித்ததுபோல் போயிற்று. ஓக் மரத்தைச் சுற்றித் திரும்பி, மூச்சுக்கூட வாங்காமல் ஏறி வந்தான். முகம் சிவந்து, பத்து வயது குறைந்ததுபோல் இருந்தான். இன்னொரு முறை போனான். அப்போதும் ஒன்றுமில்லை. இருக்கையைக் கறுப்புக்கு மாற்றி அதையும் ஓட்டினான். ஏறும்போது பாதியில் இறங்கித் தள்ளினான்.

"பாத்தல்ல? பச்சைதான்."

ப்ளூன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பாப்பா எனக்கு டாட்டாவே காட்டல."

"அது உருளைக்கிழங்கு, கண்ணு. அதுக்கு ஏது கை?"

லிட்வின் மகளைப் பார்த்தாள். பிறகு சிவப்புத் தொப்பியோடு அசையாமல் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தாள். ப்ளூன் ஒரு நிமிடம்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

"ருட்கர், அவள வெச்சுக்கிட்டு நீ கைய எடுத்தா என்ன ஆகும்?"

அவன் வில்பெர்ட்டைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். "ஆமாங்க, பின்னாடி பாரம் உசரமா இருந்தா மெல்லிசு ஃபிரேம் சிலது அப்படி ஆடும்தான்," என்றார் அவர், சூப் நன்றாக இருக்கிறது என்பதுபோன்ற குரலில். "ஆடினா முழங்காலால மேல் குழாயை நெருக்கிப் புடிங்க. உடனே நின்னுடும். கறுப்புல நெருக்கிப் புடிக்கக் குழாயே கிடையாது பாருங்க!"

"கேட்டியா? மருந்து இருக்கு."

"மருந்து இருக்குன்னா நோய் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"லிட்வின், பத்து வருஷமா பந்தயத்துல ஓட்டினவன் நான். எனக்கா சொல்லிக் குடுக்குற?"

அவளுக்கு அன்று இரவு மருத்துவமனையில் வேலை. அதற்கு முன் கொஞ்சம் தூங்க வேண்டும். அவள் படுத்திருக்கும்போது அவன் கறுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ஞாயிறு மதியம் அந்த உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட்டார்கள். லிட்வின் தன் தட்டில் பாதியை மிச்சம் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. ப்ளூன் சாக்லேட் துருவல் தூவிய ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டையில் பூசிக்கொண்டாள். ருட்கர் அவளைப் பச்சையின் பின்னால் உட்கார வைத்து வாரை மாட்டினான். லிட்வின் அவன் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு கையும் ஹேண்டில்பார்லயே இருக்கணும். டாட்டா காட்ட வேணாம்."

"மொத நாள் பள்ளிக்கூடம் போறா. டாட்டா காட்ட வேணாமா?"

"அம்மா, ஓக் மரம் வரைக்கும் காட்டணும்!" என்றாள் ப்ளூன். "நான் திரும்பித் திரும்பிப் பாப்பேன்."

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் கண்ணிலிருந்து மறையும்வரை வாசலில் நின்று கையசைப்பது எங்களுக்கெல்லாம் வழக்கம். பாதியில் உள்ளே போய்விட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். சைக்கிளில் போகிறவரும் திரும்பிப் பார்க்காமலே, திருப்பத்துக்குச் சற்று முன் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்குவார். மூச்சு விடுவதுபோல் அது தானாக நடக்கும். ருட்கருக்கு அப்படித்தான் என்பது லிட்வினுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் பார்த்தவள் அவள்தானே.

எனவே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வாசலில் ஆள் இல்லையென்றால் யாருக்குக் கையசைப்பார்கள்? மகளின் நெற்றியில் முத்தமிட்டாள்.

"அம்மாவுக்குத் தூக்கம் வருதுடா. நான் இப்பவே உள்ள போறேன். நீ முன்னாடி பாத்து, அப்பா முதுகப் புடிச்சுக்கிட்டுப் போகணும், சரியா?"

ப்ளூனின் உதடு பிதுங்கியது. லிட்வின் அதைப் பார்க்காததுபோல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கூடத்து ஜன்னல் பெரியது. திரை கிடையாது, எங்கள் தெருவில் யாரும் திரை போடுவதில்லை. அவள் தரையில் முழங்கால் போட்டு, பூந்தொட்டிகளுக்கு நடுவே கண்ணை மட்டும் உயர்த்தினாள். பச்சை சைக்கிள் வெயிலில் பளபளத்தபடி இறங்கியது. ருட்கர் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவள் மூச்சை விட்டாள்.

சிவப்புத் தொப்பி திரும்பியது.

வாசலில் அம்மா இல்லை. ப்ளூன் மறுபக்கம் திரும்பினாள். வாருக்குள்ளேயே உடம்பை முறுக்கி, இருக்கைக்கு வெளியே சாய்ந்து, ஜன்னலைத் தேடினாள். அவள் ஏதோ கத்துவது கண்ணாடி வழியே மெலிதாகக் கேட்டது. சைக்கிளின் பின்பக்கம் ஒருமுறை அசைந்தது. ருட்கர் தலையைத் திருப்பி அவளிடம் ஏதோ சொன்னான். மீண்டும் அசைந்தது.

தான் வெளியே நின்றால் ப்ளூன் நிமிர்ந்து உட்காருவாள் என்று லிட்வினுக்குத் தோன்றியது. அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை. எழுந்தபோது ஒரு தொட்டி விழுந்து உடைந்தது. கதவைத் திறந்து வெறும் காலோடு சாலைக்கு ஓடி, கையைத் தலைக்குமேல் உயர்த்தினாள்.

"ப்ளூன்! அம்மா இங்க இருக்கேன்!"

ப்ளூன் பார்த்துவிட்டாள். நேராக உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தி வீசினாள். அந்தத் தூரத்திலும் அவள் சிரிப்பது தெரிந்தது. அசைவு நின்றது, வண்டி ஓக் மரத்தை நோக்கி நேராகப் பறந்தது. கீழிருந்து பேருந்து உறுமிக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது.

மரத்துக்குச் சற்று முன், திரும்பிப் பார்க்காமலே, ருட்கர் இடது கையைத் தூக்கினான்.

முன் சக்கரம் உதறத் தொடங்கியதை அவள் பார்த்தாள். அப்படியே இருவரும் திருப்பத்தில் மறைந்தார்கள்.

லிட்வினின் கை உயர்ந்தபடியே இருந்தது. ஏறிவந்த பேருந்தின் உறுமல் சட்டென்று அடங்கியது. அவள் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேருந்து வரவில்லை. அதன் கதவுகள் திறக்கும் சீறல் மட்டும் மேலே வந்தது. அந்தத் திருப்பத்தில் நிறுத்தம் எதுவும் கிடையாது.