எண்ணெய் இல்லாமல் ஏறிய விமானம்

சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டக் குளத்தில், தரையிலும் தண்ணீரிலும் இறங்கக்கூடிய சின்ன விமானம் ஒன்று எஞ்சின் நின்றுபோய் விழுந்தது. தண்ணீரில் இறங்கவென்றே செய்த விமானம், தண்ணீரில் இறங்கித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. விமானி ரவிச்சந்திரன் ஒரு கால் சப்பாத்தை மட்டும் இழந்து கரையேறினார்.

விசாரணை என்னிடம் வந்தது. விமான விபத்துகளை விசாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கவிழ்ந்ததில் பெட்ரோல், எஞ்சின் ஆயில் எல்லாம் குளத்தோடு போய்விட்டன. எஞ்சினை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பிரித்துப் பார்க்க மூன்று மாதமாகும். அதுவரை வாய்மொழிதான்.

அந்த விமானத்தின் மெக்கானிக் புவனேஸ்வரனை மெர்கோங்கில் அவர் வீட்டிலேயே பார்த்தேன்.

"எண்ணெ இல்லாமத்தான் சார் ஏறுச்சு. எனக்கு நல்லாத் தெரியும்."

பெட்ரோல் பார்ப்பது விமானியின் பொறுப்பு. எஞ்சினுக்கு ஆயில் ஊற்றுவது மெக்கானிக்கின் பொறுப்பு. தன் தப்பை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் மனிதரை நான் பார்த்ததேயில்லை. நெகிழ்ந்துபோய், ஆயில் இல்லாததை மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் முதல் அறிக்கை எழுதினேன். மறுநாளே விமானக் கம்பெனி அவரை நிறுத்திவைத்தது. கடிதத்தில் 'விசாரணை காரணமாக' என்று மட்டும் இருந்ததாம். உரிமமும் போய்விடும் நிலை.

குளக்கரையில் விமானிக்குக் கைகொடுத்த தோட்டத் தொழிலாளி மருதம்மாளும் அதையேதான் சொன்னார்: "எண்ணெ முடிஞ்சிருச்சு அக்கான்னுதான் அவரு மொதல்ல சொன்னாரு."

மூன்று வாரம் கழித்து மருதம்மாளிடம் கையெழுத்து வாங்கப் போனேன். படிக்காமலே போட்டுவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"சீக்கிரம் விடு தம்பி. மோட்டர்ல எண்ணெ இல்ல. பீடோங் போயி அடிச்சிட்டு வேலைக்குப் போவணும்."

"எஞ்சின் ஆயிலா அக்கா?"

"அது கறுப்பெண்ணெ லா! எண்ணென்னா பெட்ரோல் ஸ்டேசன்ல அடிக்கிறது."

எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் பெட்ரோல் என்றால் பெட்ரோல்தான். ஆனால் மலாய் பேசும்போது நானும் அதைத் தினமும் எண்ணெயைக் குறிக்கும் 'மின்யாக்' என்றுதானே சொல்கிறேன்? அதையே தமிழில் சொன்னால் ஏறாத மண்டை.

நேரே மெர்கோங்குக்கு ஓட்டினேன். புவனேஸ்வரன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அறிக்கையைத் திருத்துவதாகச் சொன்னேன். அவர் ஈரச் சட்டையை வாளியிலேயே திரும்பப் போட்டார்.

"ஒப்புக்கிட்டேன்னா எழுதுனீங்க? நான் கொடுத்தது புகார் லா சார். எண்ணெ அடிக்காம ஏறாதீங்கன்னு அவருகிட்ட சொன்னேன், கேக்கல. பைலட் மேல புகார் சொன்னதுக்குத்தான் வேலய நிறுத்திட்டாங்கன்னு நெனச்சு, யாரு கேட்டாலும் இனி உண்மையச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."