சோலைச்சாமி இழுத்த மூச்சு

வெண்டிலேட்டரில் எதையோ மாற்றிவிட்டு நர்ஸ் செல்லக்கனி திரும்பினாள்.

“இம்புட்டு நாளா மெஷினே காத்த உள்ள தள்ளுச்சுக்கா. இனிமே அவுக இழுத்தாத்தான் அது குடுக்கும். நின்னுபோச்சுன்னா கூப்பிடுங்க. ஒங்க கொரல் கேட்டா இழுப்பாக.”

பொன்னுத்தங்கம் தலையாட்டினாள். ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்ததில் அவள் புருஷன் சோலைச்சாமிக்குத் தோலோடு மூச்சுக்குழாயும் வெந்திருந்தது. சீழ் நாற்றம் அவளுக்குப் பழகிவிட்டது. வாய்க்குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டுக் கறுத்த சளியை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சோறும் தின்றாள். மெஷின் தந்த மூச்சில் அந்த நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. சாராய வாடை இல்லாத, யாருடையதும் அல்லாத மூச்சு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவளால் கண்ணயர முடிந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாய்க்காத தூக்கம்.

இப்போது நெஞ்சு வெட்டி வெட்டி இருமுறை ஏறியது. நின்றது. பிறகு நீளமாக ஓர் இழுப்பு. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். குடித்துவிட்டு வந்து அடித்து ஓய்ந்தவன் தூங்கிவிட்டானா, கை மறுபடி ஓங்குமா என்று வீங்கிய தாடையைப் பொத்திக்கொண்டு எத்தனையோ இரவுகள் அவள் காது கொடுத்துக் கிடந்த மூச்சு இதுதான். மெஷினுக்குள்ளிருந்து அவனே எழுந்து வந்துவிட்டான்.

செல்லக்கனி அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தபோது மூச்சு நின்றது. பொன்னுத்தங்கம் வாய் திறக்கவில்லை. அசையாத நெஞ்சைப் பார்த்தபடி நின்றாள். மெஷின் கத்தியது, பிறகு தானாகவே ஒரு மூச்சைத் தள்ளியது.

செல்லக்கனி ஓடி வந்தாள். “கூப்பிட்டீகளாக்கா?”

“கூப்பிட்டேன்.”

சொன்ன வாய் கசந்தது. அவன் மேல் இருந்த அருவருப்பு அப்படியே தன் மேல் திரும்புவதை உணர்ந்தாள். எச்சிலைக்கூட விழுங்கப் பிடிக்கவில்லை.

“இழுக்கலைன்னா டாக்டரு பழையபடி மாத்திருவாரு. மெஷினே எல்லாத்தையும் செஞ்சா நெஞ்சுச் சதை சோந்து போயிரும். அப்புறம் கொழாய எடுக்கது கஷ்டம். நல்லாக் குனிஞ்சு, காதுகிட்ட கூப்பிடுங்க.”

குனிந்தாள். கருகிய காதில் மருந்து பிசுபிசுத்தது.

“ஏங்க.” காறித் துப்புவதுபோல வந்தது குரல். “இழுங்க.”

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் துழாவி அவள் முந்தானையைப் பற்றின. நெஞ்சு ஏறியது. செல்லக்கனி சிரித்தாள்.

பொன்னுத்தங்கம், வெந்த தோல் உரிந்துவிடாதபடி, அந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.