பாப்பம்மா கால் வைக்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஃபுட்சால் கூடத்தில் கிடைத்தது. மலேசியாவில், கூலிமில், தகரக் கூரை போட்ட கூடம், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு தொழிற்சாலைப் பையன்களுக்குள் உள்ளரங்கக் கால்பந்து ஆட்டம். ஒருவன் கோல் கம்பத்தில் மண்டையை மோதிக்கொண்டு விழுந்தான். விழுந்த மறுநொடியே நாலு பேர் ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்து அவனைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். "ஓகே லா, ஓகே லா, நடந்து பாரு!" அவனும் தள்ளாடி நடந்தான். எல்லாரும் கை தட்டினோம்.

பக்கத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த என் தோழி குணவதி மட்டும் தட்டவில்லை.

"அலாமாக்! இப்படியா தூக்குவானுங்க? எங்க தோட்டத்துல அந்தக் காலத்துல ஒரு பொம்பள இருந்தாங்களாம். சடுகுடுல விழுந்தவன மிதிக்கச் சொல்லி அத்தன ஆம்பளைங்களும் கத்தினானுங்களாம். மாட்டேன்னு நின்னுட்டாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும் லா? அவ்ளோதான் கேட்டிருக்கேன்."

கேட்ட கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்கள் நான் வைத்தவை, தோட்டங்கள் நான் கட்டியவை. உண்மையா என்று கேட்டு யாரும் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம். வந்தால் தேநீர் கிடைக்கும், பதில் கிடைக்காது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மெர்போக் மலையடிவாரத்தில் பனி விலகிக்கொண்டிருந்த ஒரு தீபாவளி மறுநாள், கித்தா மரங்களின் ஊடே ஒளி"

(நிறுத்திவிட்டேன். ரப்பர் மரங்களின் ஊடே ஒளி என்ன செய்தால் யாருக்கு என்ன?)

பிறகு இப்படி:

"வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை ஆண்ட அந்நாளில், நம் மக்கள் பட்ட பாடு"

(இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் பாப்பம்மா கடைசிப் பக்கம் வரைக்கும் அழுதுகொண்டே இருக்க வேண்டியிருக்கும். அவள் அழுகிற ஆள் இல்லை.)

மூன்றாவது வாக்கியம் நின்றது: பாப்பம்மா காலை முன்னால் நீட்டிக்கொண்டு பிறந்தவள்.

இதற்குமேல் விளக்கம் எங்கள் ஆட்களுக்குத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலைக்குப் பதில் கால் முன்னே வந்து பிறந்தவர்கள் முதுகில் கால் வைத்து மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும், சுளுக்கு எடுபட்டுவிடும் என்று நம்பிக்கை. கடல் தாண்டி வந்த சனங்கள் சட்டி பானையோடு இதையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவள் வேலை பார்த்த மேட்டுத் தோட்டத்தில் அந்த வரம் பாப்பம்மா ஒருத்திக்குத்தான். விடியலில் ரப்பர் பால் வெட்டப் போவாள். திரும்பி வந்தால் லயத்து வீட்டு வாசலில் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குப்புறப் படுக்கச் சொல்வாள், சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மிதி. எழுந்து போவார்கள். பலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. ஆகாதவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார்கள்.*

* சரியானவர்கள் தானாகவே சரியாகியிருப்பார்கள் என்கிறீர்களா? இருக்கலாம். இங்கே அதைத் தீர்த்துவைக்க நான் வரவில்லை.

3

தீபாவளி மறுநாள் சடுகுடு. மேட்டுத் தோட்டமும் ஆத்தங்கரைத் தோட்டமும் மோதின. பெரிய துரை ஒரு ஷீல்டு கொடுத்திருந்தார். போன வருஷம் அது ஆத்தங்கரைக்குப் போய்விட்டது. அந்த வருஷம் முழுக்க மேட்டுத் தோட்டத்து ஆம்பளைகள் தலை நிமிர்ந்து நடக்கவில்லை என்று எழுத ஆசை. நிமிர்ந்துதான் நடந்தார்கள், ஆனால் ஆத்தங்கரை ஆளைப் பார்த்தால் வழி மாறிப் போனார்கள்.

மேட்டுத் தோட்டத்து அணித்தலைவன் அய்யாவு. பாப்பம்மாவின் கணவன். ஆத்தங்கரையின் நம்பிக்கை சின்னையா. ஒல்லி உடம்பு, விலாங்கு மீனாக வழுக்குவான். நடுவர் நாகூர் மீரான். மெர்போக்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர், இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான ஆள், எல்லாருக்கும் 'நானா', அதாவது அண்ணன். ஊதலையும் கொண்டுவந்தார், மாட்டு வண்டியில் பலகாரத்தையும் கொண்டுவந்தார். கடையை அடைக்கும் பலகையை இரண்டு முக்காலிமேல் போட்டு முறுக்கும் ஜிலேபியும் பரப்பியிருந்தார்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பேச்சு முடிவானது. விழுந்தவன் எழுந்தால் ஆட்டம் அப்படியே தொடரும். எழ முடியாவிட்டால் அவன் அணி ஓர் ஆள் குறைவோடுதான் ஆட வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கழுத்து இதில்தான் மாட்டிக்கொள்ளப் போகிறது.

ஆடுகளம் கித்தா மரங்களை ஒட்டி இருந்தது. கொட்டை வெடித்து உதிரும் மாதம் அது. வழவழவென்று உருண்டை உருண்டையாய்த் தரை முழுக்கக் கித்தாக் கொட்டை. "கூட்டிட்டு ஆடுங்கடா" என்று பெண்கள் சொன்னார்கள். ஆடப்போகிறவன் துடைப்பம் எடுப்பானா? கள்ளுப் பீப்பாய் முதல்நாளே வந்து இறங்கிவிட்டது. துடைப்பம் வரவேயில்லை.

(இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். இன்றைக்கும் கோப்பை வாங்கக் காசு இருக்கும், பேனர் அடிக்கக் காசு இருக்கும். ஐஸ் பெட்டி எங்கே என்று கேட்டால் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பான்.)

4

புள்ளிகள் சமம். சின்னையா பாடிக்கொண்டு வந்தான்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

ஒருவனைத் தொட்டான். கோட்டுக்குத் திரும்பினான். அய்யாவு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். சின்னையாவின் இன்னொரு கால் கொட்டையில் வழுக்கியது. அவன் தலைகுப்புற விழ, அவன்மேல் இரண்டு பேர், அவர்கள்மேல் இன்னொருவன். பாட்டு நின்றது. நாகூர் மீரான் ஊதினார். மேலே கிடந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். சின்னையா எழவில்லை.

மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. ஆத்தங்கரை ஆட்கள் ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். ஒருவன் முகத்தில் தண்ணீரைக் கொட்டினான். ஒருவன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. ஆத்தங்கரைக் கங்காணி பரஞ்சோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்லடா, கழுத்துப் பிடிப்பு. அந்தப் புள்ளயக் கூப்பிடுங்க. மேட்டுத் தோட்டத்துல கால்ல பொறந்தவ இருக்காள்ல? மூணு மிதி மிதிக்கட்டும், எந்திரிச்சு ஓடுவான்."

கூட்டம் பாப்பம்மாவைத் தேடியது. அவள் பெண்கள் பக்கத்தில் ஜிலேபி தின்றுகொண்டிருந்தாள்.

5

இங்கே உங்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறேன்.

நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். அவள் மிதிக்க வேண்டும் என்று உங்களுக்கும் ஆசைதான். ஏன் மறைக்கிறீர்கள்? வரம் பெற்ற ஒருத்தி, ஆயிரம் கண்கள், எதிரணி வீரன். அவள் கால் பட்டதும் அவன் எழுகிறான், இரண்டு தோட்டமும் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. அப்படி ஒரு வரைவு என்னிடம் இருந்தது. வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்துப் போட்டேன். ஒருவன் கழுத்தில் ஏறி நின்றுகொண்டு என் கண்ணைக் கலங்கவைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

6

பாப்பம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சின்னையா பக்கத்தில் குந்தினாள்.

"எங்கப்பா வலிக்குது?"

"கழுத்துலக்கா."

அவள் பின்னால் நகர்ந்து அவன் கால் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

"இப்ப வலிக்குதா?"

"என்னக்கா பண்றீங்க?"

"கால அழுத்துறேன்."

"எந்தக் கால?"

பாப்பம்மா எழுந்தாள். இதுவரை அவளிடம் வந்தவர்கள் எல்லாம் தொட்டாலே அலறியவர்கள். இப்படி ஒருத்தன் கேட்டதில்லை.

"நான் மிதிக்க மாட்டேன்" என்றாள்.

"ஏன்?" என்றார் பரஞ்சோதி.

"வலிக்குதுன்னு கத்துனா மிதிப்பேன். இவனுக்குக் காலு எங்க இருக்குன்னே தெரியல."

"அப்ப என்ன அவனுக்கு? சொல்லு பாப்போம்."

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுல்ல? பேசாம மிதி."

"தெரியாததுனாலதான் மிதிக்க மாட்டேங்கிறேன். டிரசரக் கூட்டியாங்க. அதுவரைக்கும் யாரும் இவனத் தொடாதீங்க."

டிரசர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், பண்டிகைக்காகக் கோத்தா கோலா மூடாவுக்குப் போயிருந்தார். அதைச் சொல்லிப் பரஞ்சோதி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாத்தீங்களாடா கூத்த? இவன் எந்திரிச்சா ஆட்டம் சமம். எந்திரிக்காட்டி நமக்கு ஆளு கம்மி. புருசன் ஷீல்டு தூக்கணும்னு பொண்டாட்டி பொத்திக்கிட்டு நிக்கிறா. இதான் உங்க தோட்டத்து நாயமா?"

ஆத்தங்கரைப் பக்கம் கொதித்தது. "மிதி! மிதி!" என்று கத்தினார்கள். மேட்டுத் தோட்டத்து ஆட்கள் அவளுக்குப் பரிந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்களா? "மிதிக்காத பாப்பம்மா, கெடக்கட்டும்!" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. திட்டியவர்கள் அவளைத் திருடி என்றார்கள். ஆதரித்தவர்களும் அதையேதான் நினைத்தார்கள்.

அவள் நடுவர் பக்கம் திரும்பினாள்.

"நானா, அந்த ஷீல்ட ஆத்தங்கரைக்கே குடுத்துருங்க. எங்களுக்கு வேணாம். ஆட்டம் முடிஞ்சுது."

7

அய்யாவுவை என்ன செய்வது?

நாகூர் மீரான் அவனைப் பார்த்தார். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஷீல்டை விட்டுக்கொடுக்க அவன் வாயைத் திறக்கவில்லை. பொண்டாட்டி திறந்துவிட்டாள், ஊர் பார்க்க.

முதல் வரைவில் அவன் அவளை அறைந்தான். (அடித்துவிட்டேன், அந்த வரியை. பழக்க தோஷத்தில் எழுதியது.) இரண்டாவது வரைவில் பெருமையோடு புன்னகைத்தான். (இதையும் அடித்துவிட்டேன். அவ்வளவு நல்லவனை நான் எங்கும் பார்த்ததில்லை.) கணுக்காலைப் பிடித்தது அவன் கைதான். அந்தக் கையை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான் என்று மூன்றாவது வரைவில் வந்தது. அதற்குப் பிறகு அவன் நான் சொன்னதைக் கேட்கவில்லை, தானாக நடந்தான்.

"ஒன்ன யாருடி கேட்டா?" என்று கத்தினான். "வருசம் பூரா ஆடுனது நானு! குடுக்கிறவ நீயா?"

கத்திக்கொண்டே பலகாரப் பலகையிடம் போனான். ஒரே தள்ளு. முறுக்கும் ஜிலேபியும் மண்ணில் விழுந்தன. வெறும் பலகையின் ஒரு முனையைப் பிடித்தான்.

"யா அல்லாஹ், என் சரக்கு!" என்றார் நாகூர் மீரான். சொன்ன வாயோடு பலகையின் மறுமுனையைத் தானே பிடித்தார். "வண்டி நம்ம வண்டி. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். தங்கச்சி, எப்படித் தூக்கணும்?"

"எனக்குத் தெரியாது நானா. தல ஆடாம தூக்கணும். அது மட்டுந்தான் தோணுது."

அவள் சின்னையாவின் தலைமாட்டில் மண்டி போட்டாள். இரண்டு கைகளையும் அவன் காதுகளின்மேல் வைத்துத் தலையை அப்படியே நிறுத்திப் பிடித்தாள். பரஞ்சோதி குனிந்து அவள் கையை விலக்கப் பார்த்தார். அய்யாவு நடுவில் வந்து நின்றான்.

"கங்காணி, எம் பொண்டாட்டியத் திட்ட நான் இருக்கேன். நீங்க தள்ளிக்குங்க."

சொல்லிவிட்டு மறுபடி அவளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தான். ஆத்தங்கரைப் பையன்கள் இரண்டு பேர் கால் பக்கம் வந்து குந்தினார்கள். அவர்களில் ஒருவன் தரையில் கிடந்த கித்தாக் கொட்டைகளைக் கையால் ஒதுக்கிப் பலகைக்கு இடம் பண்ணினான். அன்று அந்தக் களத்தில் யாராவது கூட்டியது அது ஒரு தடவைதான்.

8

இப்போது முடிவு கேட்பீர்கள்.

சின்னையா பிழைத்தான், அடுத்த தீபாவளிக்கு நடந்து வந்து பாப்பம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டான்: இப்படி ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். சின்னையா எழவேயில்லை, ஆத்தங்கரைக்காரர்கள் கடைசிவரை அவளைத்தான் சபித்தார்கள், மேட்டுத் தோட்டத்தில் ஒருவரும் அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு அவளிடம் வரவில்லை: இப்படியும் ஒன்று. இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. இரண்டையும் தரமாட்டேன்.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அவன் நடந்தால் "அப்பவே அவ சொன்னா" என்பீர்கள். அவன் நடக்காவிட்டால் "மிதிச்சிருந்தா ஒருவேளை" என்பீர்கள். அவள் மாட்டேன் என்று சொன்ன நேரத்தில் இரண்டுமே அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் நின்றாள், புருஷன் கத்த, ஊர் கத்த. அவள் சொன்னது சரி என்று சாட்சி சொல்ல அந்தப் பையனின் கால்கள் எழுந்து நடந்து வரத் தேவையில்லை. அவளுக்குக் கிடைக்காத முடிவு உங்களுக்கு மட்டும் எதற்கு?

வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். மாடு மிரளுகிறது. கூட்டத்தில் இன்னும் சிலர் "மிதி" என்கிறார்கள். பாப்பம்மாவின் கை மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது; அவள் யாரையாவது கூப்பிட நிமிர்ந்து பார்க்கிறாள்.

நான் மாட்டைப் பிடிக்கப் போகிறேன். நீங்கள் இங்கே வாருங்கள். மண்டி போடுங்கள், கொட்டை குத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கை இருந்த இடத்தில் உங்கள் கையை வையுங்கள்.

பிடித்தாயிற்றா? ஆட்டாதீர்கள்.